முதல்முறை கொச்சிக்குப் போறீங்களா? கிழமையைப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க

ரயில், ரூம் எதையும் தேடுவதற்கு முன்னால் காலண்டரைத் திறங்க. கொச்சியில் அவசியம் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் மட்டாஞ்சேரியில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கு. டச்சு அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1568-இல் கட்டிய யூதர்களின் ஜெப ஆலயம் வெள்ளி மதியத்தோடு மூடிடும். சனிக்கிழமை அவங்க ஓய்வுநாள், திறக்கவே மாட்டாங்க. யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான்.

இது தெரியாமல் முதல் தடவை வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு போட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். வெள்ளி மதியம் அரண்மனை வாசலில் பூட்டு. மறுநாள் அரண்மனையைப் பார்த்துட்டு நடந்து போனால், ஜெப ஆலயத்தின் கதவு சாத்தியிருக்கு. அம்மா அவ்வளவு தூரம் வந்ததே அந்த ஆலயத்தின் ஓடு பதித்த தரையைப் பார்க்கத்தான். ரயிலில் திரும்பும்போது முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்தது.

அதனால் சனிக்கிழமை ஃபோர்ட் கொச்சி, ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி என்று வைங்க. அடுத்த வருஷம் அப்படித்தான் போனோம். ஜெப ஆலயத்தின் தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், எல்லாம் கையால் வரைந்தவை. அம்மா செருப்பைக் கழற்றிட்டு, குனிந்து ஒவ்வொன்றாப் பார்த்தாங்க.

அரண்மனையைக் கட்டியது போர்ச்சுக்கீசியர். பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் அந்தப் பெயர். ராஜாவின் பள்ளியறையில் இராமாயணச் சுவரோவியங்கள் இருக்கு. அவசரப்படாம பாருங்க.

அடுத்தது ரயில். எர்ணாகுளம் ஜங்ஷனை சவுத் என்றும், டவுனை நார்த் என்றும் சொல்வாங்க. சில ரயில்கள் ஒன்றில் மட்டும்தான் நிற்கும், டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கோங்க. விமானத்தில் வந்தால் நெடும்பாசேரியிலிருந்து ஊருக்குள் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் போங்க. 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ ஏசியோடு சுத்தமா இருக்கு, பெரியவங்களுக்கு வசதி. ஆனா என் ஓட்டு எர்ணாகுளம் போட் ஜெட்டியிலிருந்து போகும் அரசுப் படகுக்குத்தான். காத்து முகத்தில் அடிக்கும், கட்டணமும் குறைவு.

இறங்கியதும் சீன மீன்பிடி வலைகள். வலையை இறக்கி ஏற்றும் கயிறுகளில் வலையின் எடையைச் சமன் செய்யப் பெரிய கற்கள் தொங்குவதைக் கவனிங்க. பக்கத்தில்தான் செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம். 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்தது இங்கேதான். 1539-இல் உடலைப் போர்ச்சுகலுக்கு எடுத்துட்டுப் போனாங்க, கல்லறைக் கல் மட்டும் இன்னும் இருக்கு.

நம்ம ஆட்கள் பெரும்பாலும் தவறவிடுவது ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ (Veli) என்ற பகுதியிலுள்ள தோபி கானா, அதாவது துணி துவைக்கும் இடம். டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவங்க இன்னும் அங்கே துவைக்கிறாங்க. கொடியில் கிளிப்பே கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிடுவாங்க. தமிழில் பேசினால் முகம் மலரும். போட்டோ எடுக்கும் முன்னால் கேட்டுக்கோங்க.

சேர்த்தது: “எனக்கு சனிக்கிழமை மட்டும்தான் கிடைக்கும்” என்று கமெண்டில் இரண்டு பேர் எழுதியிருந்தீங்க. அப்போ காலையில் அரண்மனை, மதியத்துக்கு மேல் ஃபோர்ட் கொச்சி. ஜெப ஆலயத்துக்கு இன்னொரு தடவை வரணும், வேற வழியில்லை. மழை பிடிக்காதவங்க ஜூன், ஜூலையைத் தவிர்த்துடுங்க.