டீசல் பிக்கப்பை டைனோவில் ஏற்றுவது எப்படி: ஆர்பிஎம்மில் கோட்டை விடாதீர்கள்

என் வண்டி இசுசு வி-கிராஸ், பழைய 2.5 லிட்டர் டர்போ டீசல், ஐந்து கியர். கம்பெனி சொல்லும் கணக்கு: பவர் 134 பிஎச்பி, டார்க் (திருப்பு விசை) 320 நியூட்டன் மீட்டர். ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளை மாற்றுவது) செய்வதற்கு முன்னால் வண்டி இப்போது என்ன தருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் டைனோவில், அதாவது டயரை உருளை (ரோலர்) மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் இயந்திரத்தில், ஏற்றினேன். முதல் நாள் வந்த கிராஃபை நம்பியிருந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைக் கழற்றியிருப்பேன். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பட்டறையை முடிவு செய்யும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ரோலருக்கு பிரேக் உண்டா, இல்லை வெறும் கனமான உருளையா? வெறும் உருளை என்றால் வண்டி சரசரவென்று வேகமெடுத்துவிடும், டர்போவுக்கு பூஸ்ட் (இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) கட்ட நேரம் கிடைக்காது, கீழ் ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) டார்க் குறைவாகத் தெரியும். டீசலுக்கு நான் பிரேக் உள்ள டைனோவைத்தான் சொல்வேன், கொஞ்சம் தூரம் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

வண்டியை ஏற்றும்போது 2எச்-இல் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வையுங்கள், ஏசியை அணைத்துவிடுங்கள். டயர் காற்றை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் அதே அளவு இருக்க வேண்டும். நாலாவது கியரில் ஓட்டம் முடியும்போது டயர் 130 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சுற்றும், அதனால் பெரிய பெரிய கட்டை வைத்த மட் டயரோடு ஏற்றாதீர்கள். பிக்கப்பின் பின்பக்கம் காலியாக இருந்தால் எடை போதாமல் டயர் ரோலரில் வழுக்கும். எனக்கும் வழுக்கியது, கிராஃப் கோடு நடுவில் பல்லுப் பல்லாக வந்தது. ஸ்ட்ராப்பை சேஸிஸில் மாட்டி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இறுக்கச் சொல்லுங்கள், பம்பரில் மாட்ட விடாதீர்கள். ஸ்ட்ராப்புக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது. முன்னால் வைக்கிற ஃபேன் ரேடியேட்டருக்கு மட்டும் வீசினால் போதாது, இன்டர்கூலருக்கும் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆற்றுவது) காற்று போகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் ஒயரில் ஒரு கிளிப்பை மாட்டி ஆர்பிஎம் எடுத்துவிடுவார்கள். டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதனால் வண்டியை ஒரு கியரில் ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்தி, ரோலர் வேகத்துக்கும் இன்ஜின் சுற்றுக்கும் உள்ள விகிதத்தை மென்பொருளில் பதிவு செய்வார்கள். என் வண்டிக்கு மூன்றாவது கியரில் பதிவு செய்துவிட்டு ஓட்டத்தை நாலாவது கியரில் எடுத்துவிட்டோம், நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பவர் 112 பிஎச்பி, டயரில் அளக்கும்போது கம்பெனிக் கணக்கைவிடக் குறையும் என்பதால் அது நியாயமான எண். ஆனால் டார்க் 190-ஐத் தாண்டவில்லை. டர்போ போய்விட்டது என்றே நினைத்தேன்.

காரணம் எளிது. ரோலரில் அளக்கும் விசையையும் வேகத்தையும் வைத்துத்தான் பவர் வருகிறது, அதற்கு இன்ஜின் ஆர்பிஎம் தேவையே இல்லை. டார்க்கோ, கிலோவாட்டை 9549-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்து வருவது. மூன்றாவது கியரின் விகிதத்தை வைத்து நாலாவது கியரில் ஓடினால் ஆர்பிஎம் தப்பாக அதிகம் காட்டும், டார்க் அந்த அளவுக்குக் குறையும். கிராஃபின் அடிக்கோட்டை (கீழே ஆர்பிஎம் எழுதியிருக்கும் கோடு) பார்த்தபோதுதான் புரிந்தது: பவர் உச்சம் 5,000-க்குப் பக்கத்தில் நின்றது. நாலாயிரத்தைத் தாண்டினாலே மூச்சு வாங்கும் இன்ஜின் அது, கம்பெனிக் கணக்கில் உச்சமே 3,600-இல்தான். ஆகவே ஓட்டம் முடிந்ததும் முதலில் அடிக்கோட்டைப் பாருங்கள், எண்ணை அப்புறம் பார்க்கலாம். ஓபிடி (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாக்கெட்) வழியாகவும் ஆர்பிஎம் எடுக்கலாம், ஆனால் சில ரீடர்களில் தாமதமாக வரும். கிராங்க் புல்லியில் மினுங்கும் டேப் ஒட்டி ஒளி சென்சார் வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

இனி ஓட்டம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நாலாவது கியர், ஏனென்றால் ஐந்து கியர் வண்டியில் பொதுவாக அதுதான் ஒன்றுக்கு ஒன்று, அதாவது கியர்பாக்ஸுக்குள் போகும் சுற்றே வெளியே வரும். 1,500-இல் நிலையாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி, 4,000 வந்ததும் விடுங்கள். அடுத்த ஓட்டத்துக்கு முன் நாலைந்து நிமிடம் ஐடிலில் விட்டு ஆற வையுங்கள், டர்போவுக்கும் அது நல்லது. மூன்று ஓட்டம் எடுத்து மூன்றும் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போனால்தான் நான் ஏற்றுக்கொள்வேன். கிளம்பும் முன் ஒன்றை மனதில் வையுங்கள்: டர்போ சீல் போய் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டாப் கியரில் பிரேக்கை மிதித்துக் கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்துங்கள்.

கரெக்‌ஷன் என்று ஒன்று உண்டு, காற்றழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப எண்ணைக் கூட்டிக் குறைப்பது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மெல்லிய காற்றின் குறையை டர்போ பெரும்பாலும் தானே ஈடுகட்டிவிடும், அதன் மேல் மென்பொருளும் கூட்டினால் இல்லாத குதிரைகள் வந்து சேரும். கரெக்‌ஷன் இல்லாத எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: ஆட்டோமேட்டிக் வண்டிக்கு என்ன செய்வது என்று நிறைய பேர் கேட்டார்கள். முழு ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் கியர் கீழே இறங்கி ஓட்டம் கெட்டுவிடும். மேனுவல் மோடில் கியரைப் பூட்டி, கிக்டவுன் விழாத அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் ஆர்பிஎம்மில் தொடங்குங்கள். பிஎஸ்6 வண்டி வைத்திருக்கும் ஒருவருக்கு நடு ஓட்டத்தில் டிபிஎஃப் ரீஜென் (புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை வண்டி தானே எரிப்பது) தொடங்கிவிட்டதாம், அதனால் ஸ்கேனரில் புகைக்கரி அளவைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.