ஒரு புரதத்தைப் பின்தொடர்ந்து செல் உயிரியலைத் திருப்பிப் படிப்பது எப்படி?

தொடக்கநிலைச் செல் உயிரியலைத் திருப்பிப் படிப்பவர்களில் பலர் நியூக்ளியஸ், ரைபோசோம், கோல்கை உறுப்பு என்று பெயர்களையும் அவற்றின் வேலைகளையும் வரிசையாக வாசித்துக்கொண்டே போகிறார்கள். இதனால் வரையறைகள் மனதில் பதியலாம். ஆனால் ஒன்று மற்றொன்றுடன் எப்படி இணைந்து இயங்குகிறது என்ற கேள்விக்குப் பதில் எழுத வராது. ஆகவே, ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு, அதன் மரபணு படியெடுக்கப்படுவது முதல் அது செல்லை விட்டு வெளியேறுவது வரை, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள்.

இதற்கு இன்சுலினைவிடப் பொருத்தமான புரதம் கிடைப்பது அரிது. மனிதரில் அதன் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. கணையத்தின் பீட்டா செல்களில் அது படியெடுக்கப்பட்டு, இன்ட்ரான்கள் (புரதத்துக்கான குறியீடு இல்லாத இடைத் துண்டுகள்) நீக்கப்பட்ட பிறகு, தூது ஆர்.என்.ஏ. நியூக்ளியஸ் உறையின் துளை வழியாக வெளியே வருகிறது. ரைபோசோம் கட்டும் சங்கிலியில் மொத்தம் 110 அமினோ அமிலங்கள். அவற்றுள் முதல் 24, ரைபோசோமை எண்டோபிளாச வலைக்கு இட்டுச் சென்று, சங்கிலி உள்ளே நுழைந்ததும் வெட்டப்பட்டுவிடுகின்றன. எஞ்சிய 86 அமினோ அமிலச் சங்கிலி மடிந்து, டைசல்ஃபைடு பிணைப்புகளைப் பெற்று, கோல்கை உறுப்பைக் கடந்து சுரப்புத் துகள்களில் அடைபடுகிறது. அங்கே இடைப்பகுதியும் நீங்க, 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 கொண்ட மற்றொன்றும் இணைந்த இன்சுலின் உருவாகிறது.

வெளியேற்றமும் இதே கதையின் பகுதிதான். இரத்தத்தில் குளுக்கோஸ் கூடும்போது பீட்டா செல் அதை உள்வாங்கிச் சிதைக்கிறது, மைட்டாகாண்ட்ரியாவில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. பெருகுகிறது, அதனால் பொட்டாசியம் வாயில்கள் மூடி, சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய, துகள்கள் செல் சவ்வுடன் இணைந்து இன்சுலினை வெளியே விடுகின்றன. செல் சுவாசத்தையும் சவ்வுக் கடத்தலையும் தனித்தனி அத்தியாயங்களாக மட்டும் படித்தவர்கள், இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பெரும்பாலோர் மதிப்பெண்ணை இழக்கும் இடமான இழையின் திசைக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். வார்ப்புரு இழையின் (ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும் டி.என்.ஏ. இழை; அதன் இரு முனைகள் 3', 5' எனப்படும்) 3' முனையிலிருந்து டி-ஏ-சி, சி-ஜி-ஜி என்று இருந்தால், தூது ஆர்.என்.ஏ. 5' முனையிலிருந்து ஏ-யூ-ஜி, ஜி-சி-சி என்று அமையும். அதாவது மெத்தியோனின், அலனின். இன்சுலின் சங்கிலி தொடங்குவதும் இப்படித்தான். அதே இழையை 5' முனை இடப்பக்கம் வரும்படி ஜி-ஜி-சி, சி-ஏ-டி என்று கொடுத்துவிட்டால், திசையைக் கவனியாதவர் இடமிருந்து வலமாகவே படியெடுத்து, சி-சி-ஜி, ஜி-யூ-ஏ என்று எழுதி, புரோலின், வாலின் என்ற தவறான விடைக்குப் போய்விடுவார். ஆகவே எந்தக் கணக்கானாலும் முதலில் இரு முனைகளையும் குறித்துவிட்டே பேனாவை நகர்த்துங்கள். கோடான் (மூன்றெழுத்துக் குறியீடு) அட்டவணையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 64 கோடான்களில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, 3 நிறுத்தக் கோடான்கள், ஏ-யூ-ஜி தொடக்கக் கோடான் என்ற அளவு போதும்.

செல் பிரிதலில் குரோமோசோம்களையும் குரோமாட்டிடுகளையும் (இரட்டிப்பான குரோமோசோமின் இரு நகல் இழைகள்) தனித்தனியாக எண்ணிப் பழகுங்கள். டி.என்.ஏ. இரட்டிப்பான பின்பும் மனித உடற்செல்லில் குரோமோசோம்கள் 46தான்; குரோமாட்டிடுகளே 92 ஆகின்றன. இனச்செல்களை உருவாக்கும் பிரிதலான மியாசிஸின் முதல் பிரிவில் 23 ஆகக் குறைந்த குரோமோசோம் ஒவ்வொன்றிலும் அப்போதும் இரண்டு குரோமாட்டிடுகள் இருக்கும்.

இறுதியாக, ஒவ்வொரு கருத்துக்கும் "இது எப்படித் தெரியவந்தது?" என்று கேளுங்கள். டி.என்.ஏ. பாதி பழமை பேணும் முறையில் (ஒவ்வொரு நகலிலும் ஒரு பழைய இழையும் ஒரு புதிய இழையும் இருக்கும்படி) இரட்டிப்பாகிறது என்பதை மெசல்சனும் ஸ்டாலும் 1958இல் காட்டினார்கள். கன நைட்ரஜனில் (நைட்ரஜனின் எடை கூடிய வடிவம்) வளர்த்த பாக்டீரியாவைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றியபோது, முதல் தலைமுறையில் இடைநிலை அடர்த்தியில் ஒரே பட்டையும், இரண்டாம் தலைமுறையில் இடைநிலைப் பட்டையுடன் இலேசான பட்டையும் தோன்றின. முதல் தலைமுறை முடிவு எந்தக் கருதுகோளை விலக்கியது, இரண்டாவது எதை விலக்கியது என்று உங்கள் சொற்களில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால், திரும்பப் படிக்க வேண்டிய பக்கம் அதுவே.