அப்பப்பா எந்தப் படையில் இருந்தார்? திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு தேடல் வழிகாட்டி

திருகோணமலையின் பழைய குடும்பங்களில் "எங்கட அப்பப்பா நேவியில இருந்தவர்" என்ற வசனத்தைக் கேளாமல் வளர்ந்தவர்கள் குறைவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியரின் பெரிய கடற்படைத் தளமாக இருந்த ஊர் இது என்பதால் அந்த வசனத்தில் வியப்பில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் வெவ்வேறான மூன்று வாழ்க்கைகள் அடங்கியிருக்கின்றன. ஒருவர் பிரித்தானிய அரச கடற்படையில் நேரடியாகச் சேர்ந்திருக்கலாம். இன்னொருவர் இலங்கையில் திரட்டப்பட்ட படைகளில், அதாவது இலங்கைப் பாதுகாப்புப் படையிலோ 1938 ஜனவரியில் தொடங்கப்பட்ட இலங்கைத் தொண்டர் கடற்படையிலோ இருந்திருக்கலாம். மூன்றாமவர் சீருடை அணியாமல் டொக்யார்ட்டில், அதாவது கடற்படையின் கப்பல் திருத்துமிடத்தில், சம்பளத்துக்கு வேலை செய்த சிவில் ஊழியராக இருந்திருக்கலாம். இந்த மூவரில் உங்கள் அப்பப்பா யார் என்பதைக் கண்டுபிடித்த பின்னரே எந்த அலுவலகத்துக்கு எழுதுவது, எந்த உதவியைக் கேட்பது, அவருடைய கதையை எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

என் அம்மப்பாவைப் பற்றி நாங்கள் இரண்டு தலைமுறையாகக் கடற்படைக்காரர் என்றே சொல்லிவந்தோம். அம்மம்மாவின் றங்குப் பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது டொக்யார்ட்டில் பிற்றராக வேலை செய்ததற்கான ஒரு சேவைச் சான்றிதழும் வாயிற்காவலரிடம் காட்டுவதற்கான ஒரு பாசும் மாத்திரமே. அவரை நாங்கள் அதனால் குறைவாக எண்ணவில்லை. குண்டு விழும் என்று தெரிந்த இடத்துக்கு ஒவ்வொரு நாளும் காலையில் வேலைக்குப் போன மனிதர் அவர். ஆயினும் அதற்கு முன்பு படை வீரர்களின் பதிவேடுகளைத் தேடி நாங்கள் எழுதிய கடிதங்கள் அத்தனையும் வீணாயின. அந்த வீண் அலைச்சல் மற்றவர்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆகவே முதல் வேலை பெட்டியைத் திறப்பது. பதக்கம் இருந்தால் அதைப் பிறாசோ போட்டு மினுக்க வேண்டாம். அந்த மங்கல் நிறமே அதன் வயது, தேய்த்தால் நுண்ணிய எழுத்துகளும் உருவங்களும் மழுங்கிவிடும். அடுத்ததாக, பதக்கத்தின் விளிம்பில் பெயர் இல்லையே என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். பிரித்தானிய அரசாங்கம் 1939 முதல் 1945 வரையான போருக்கு வழங்கிய நட்சத்திரங்களிலும் போர்ப் பதக்கங்களிலும் பெயர் பொறிக்கப்படவில்லை. அவை பெரும்பாலும் சிறிய அட்டைப் பெட்டிகளில், எந்தெந்தப் பதக்கம் உரியது என்று அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டுடன் தபாலில் வந்தவை. பல வீடுகளில் பதக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அந்தச் சீட்டையும் பெட்டியையும் குப்பையென்று எறிந்திருக்கிறார்கள். பதக்கம் ஆருடையது என்பதற்கு வீட்டில் எஞ்சியிருக்கக்கூடிய சான்று அந்தப் பெட்டியின் மேல் எழுதிய முகவரியே. ஒரு பக்கத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும், மறு பக்கத்தில் இரு தலை டிராகனின் மீது நிற்கும் சிங்கமும் இருந்தால் அது 1939–1945 போர்ப் பதக்கம்.

தாள்களில் மிக முக்கியமானது சேவை இலக்கம். இராணுவத்தில் இருந்தவர்களுக்குச் சம்பளப் புத்தகம் என்ற கையடக்கமான ஒரு சிறு புத்தகம் இருந்தது. அதில் இலக்கம், பெயர், பிறந்த திகதி, நெருங்கிய உறவினர் ஆகிய விபரங்கள் வரும். அரச கடற்படையினரின் சேவைச் சான்றிதழ் மடித்து வைக்கப்படும் ஒரு பெரிய தாள். ஒருவர் தீய நடத்தைக்காக வெளியேற்றப்பட்டால் அதன் ஒரு மூலையை வெட்டிவிட வேண்டும் என்று அந்தத் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். நான்கு மூலையும் குறையாமல் இருக்கும் ஒரு சான்றிதழை உங்கள் கையில் பிடித்திருந்தால், எண்பது வருடங்களுக்கு முன்பு ஒரு மேலதிகாரி அந்த மனிதருக்குக் கொடுத்த நற்சாட்சியையே பிடித்திருக்கிறீர்கள். ஆனால் கறையான் தின்ற மூலையையும் கத்திரிக்கோல் வெட்டிய மூலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெட்டு என்றால் அது குறித்த கோட்டில் நேராக இருக்கும்.

தாள்களைக் கையாளும் முறையையும் சொல்ல வேண்டும். நமது ஊரின் உப்புக் காற்றும் ஈரமும் பழைய தாளுக்கு நஞ்சு. லமினேற் செய்வது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். சூடும் பசையும் தாளை நிரந்தரமாகப் பழுதாக்கிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. செலோரேப்பும் அவ்வாறே. ஜன்னலருகே, நேர் வெயில் படாத இடத்தில் தாளை விரித்து, கைத்தொலைபேசியால் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடுவதே எல்லோரும் செய்யும் பிழை. பென்சிலால் எழுதிய குறிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படங்களின் ஒரு பிரதியை வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். இடப்பெயர்வுகளிலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளிலும் நம்மவர்கள் இழந்த தாள்களை நினைத்தால், ஒரே வீட்டில் ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்தானது என்று விளங்கும்.

தாளே எஞ்சாத வீடுகளில் மனிதரிடம்தான் கேட்க வேண்டும். போர்க்காலத்தில் சேவை செய்தவர்கள் இன்றைக்கு உயிருடன் இருந்தால் நூறு வயதை அண்டியிருப்பார்கள். ஆகவே நீங்கள் பேசப்போவது அநேகமாக அவர்களுடைய பிள்ளைகளுடனோ கைம்பெண்களுடனோ ஆகும். அவர்களிடம் "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் பதில் வராது. இடத்தையும் பொருளையும் வைத்துக் கேளுங்கள்: அப்பா வேலைக்கு எந்த வாயிலால் போனவர், சீனக்குடாப் பக்கமா, உள்துறைமுகப் பக்கமா, ஒஸ்ரன்பேர்க் பக்கமா, சம்பளம் கிழமைக்கா மாதத்துக்கா, தொப்பியில் என்ன அடையாளம் இருந்தது, ராவில் வீட்டுக்கு வருவாரா, முகாமிலேயே தங்குவாரா. இரவில் வீட்டுக்கு வந்து கிழமைச் சம்பளம் வாங்கியவர் பெரும்பாலும் டொக்யார்ட் ஊழியராக இருப்பார். ஒஸ்ரன்பேர்க் பீரங்கித் தளத்தைச் சொன்னால் கரையோரப் பீரங்கிப் படையைப் பற்றி மேலும் விசாரியுங்கள்.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நமது ஊரின் முதியவர்கள் ஒரு போரை மட்டும் பார்த்தவர்கள் அல்லர். 1942இன் விமானத் தாக்குதலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடந்தவையும் நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. என் உறவினரான ஒரு மூதாட்டி "சங்கு ஊதினவுடன பங்கருக்குள்ள ஓடினனாங்கள்" என்றார். சங்கு ஒரு போருக்கு உரியது, பங்கர் என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியது இன்னொரு போரில். அவரைத் திருத்தாமல், "அப்ப உங்களுக்கு எத்தனை பிள்ளையள்?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "எனக்கென்ன பிள்ளையள், நானே அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதானே ஓடினனான்" என்றார். அந்த ஒரு பதிலில் ஆண்டு தெளிவாகிவிட்டது. திகதியைக் கேட்பதைவிடப் பண்டிகையைக் கேட்பது பயன் தரும்: திருகோணமலை மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை, சித்திரை வருடப் பிறப்புக்குச் சில நாட்களே இருந்தன. கொழும்பு தாக்கப்பட்டது அதற்கு முந்திய ஞாயிறு, ஈஸ்டர் தினம். கிறிஸ்தவக் குடும்பங்கள் இதை எளிதில் நினைவுகூரும். அதே வியாழனன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. சொல்பவர் தருகின்ற வருடம் இவற்றோடு ஒத்துப்போகாவிட்டாலும் அவர் சொன்னதை அப்படியே எழுதி, உங்கள் குறிப்பைப் பக்கத்தில் தனியாக இடுங்கள்.

எந்தப் படை என்பது ஓரளவு தெரிந்த பிறகு எழுத்து வேலை தொடங்குகிறது. சேவையில் இருக்கும்போதே, 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையான காலத்துக்குள் இறந்தவராயின், பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைக் கட்டணமின்றித் தேடலாம். அதற்கு முன்பு ஒருமுறை நிலாவெளி வீதியில் உப்புவெளியில் உள்ள போர் மயானத்துக்குப் போய்வாருங்கள். அங்குள்ள கற்களில் மேலே படைச் சின்னம், அதன் கீழ் சேவை இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி, வயது என்று விபரங்கள் ஒரே ஒழுங்கில் வரும். அந்த ஒழுங்கு கண்ணுக்குப் பழகிவிட்டால் பிறகு எந்தப் பதிவேட்டையும் வாசிப்பது எளிது.

போரில் தப்பி, பின்னர் வீட்டில் காலமானவர் பிரித்தானியப் படையில் நேரடியாகச் சேர்ந்தவராயின், அவருடைய சேவைப் பதிவை இங்கிலாந்தின் பாதுகாப்பு அமைச்சிடம் கேட்க வேண்டும். பழைய பதிவுகள் 2022 தொடக்கம் படிப்படியாக அந்நாட்டுத் தேசிய சுவடிகள் காப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன. மரணச் சான்றிதழ் தேவை. இறந்து 25 வருடங்கள் ஆகாதவராயின், நெருங்கிய உறவினரின் சம்மதம் இல்லாமல் கேட்பவருக்குக் குறைந்த விபரங்களே தரப்படும். இலங்கைப் படைகளில் அதிகாரியாக இருந்தவரின் நியமனம் அக்கால அரச வர்த்தமானியில் வந்திருக்கும். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அவற்றைப் பார்க்கலாம். சாதாரண சிப்பாய்களின் பெயர்கள் பொதுவாக வர்த்தமானியில் வராது. அவர்களுக்கு வீட்டுப் பெட்டியே முதல் ஆவணக் காப்பகம்.

எந்த இடத்தில் தேடினாலும் பெயரின் எழுத்துக்கூட்டலே நம்மை மடக்கும். கந்தையா என்ற பெயரை வெள்ளைக்கார எழுதுவினைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் 'கே' போட்டும், இன்னொருவர் 'சீ' போட்டும் எழுதியிருப்பார். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். வரக்கூடிய எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்து, ஒன்றொன்றாகத் தேடுங்கள். மரணச் சான்றிதழில் ஒரு விதமாகவும் சேவைத் தாளில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, பிரதிகளைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை எவருக்கும் தபாலில் அனுப்ப வேண்டாம்.

உதவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்கு முன் பிரித்தானிய முடிக்குரிய படைகளில் சேவை செய்து, இன்று வறுமையில் வாழும் முதியவர்களுக்கும் அவர்களுடைய கைம்பெண்களுக்கும், 1921இல் தொடங்கப்பட்ட அரச பொதுநலவாய முன்னாள் படைவீரர் கழகம் உதவி வழங்கி வருகிறது. இலங்கையில் இதற்கான தொடர்பு முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஊடாகவே செல்லும். இங்கே அனுபவத்தில் சொல்கிறேன்: பேரப்பிள்ளைகளுக்கு இதில் ஒன்றும் இல்லை, டொக்யார்ட் சிவில் ஊழியரின் குடும்பத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் தகுதியுள்ள ஒரு கைம்பெண் எங்கோ ஒரு மகளின் வீட்டுத் திண்ணையில் கவனிப்பாரின்றி இருந்தால், அவருக்காக அந்த விண்ணப்பத்தை எழுதிக்கொடுப்பது ஒரு நாள் வேலை. விவாகச் சான்றிதழ், கணவரின் மரணச் சான்றிதழ், சேவையைக் காட்டும் ஏதாவது ஒரு தாள், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே சேர்த்துவிட்டால் போதும். இந்தக் கவனிப்பின்மை நம் காலத்தில் தொடங்கியதும் அல்ல. முதலாம் உலகப் போரின் இலங்கை வீரர்களுக்கு, போர் நினைவு நாளில் பொப்பிப் பூ விற்றுத் திரட்டிய நிதியில் உரிய பங்கு கிடைக்கவில்லை என்பதற்காக 1931இல் கொழும்பில் பூவரசம் பூவை விற்கும் சூரியமல் இயக்கம் தொடங்கியது.

பதில் வருவதற்கு மாதங்கள் ஆகலாம். வந்த கடிதத்தில் சுருக்கெழுத்துகள் நிறைந்திருக்கும். விளங்காதவற்றை ஊகித்து நிரப்பாமல் அடிக்கோடிட்டு வையுங்கள். பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, முதலில் பேசிய அதே முதியவரிடம் மறுபடியும் போங்கள். கப்பலின் பெயரையோ முகாமின் பெயரையோ வாசித்துக் காட்டும்போது, முதல் தடவை வராத கதை இரண்டாம் தடவை வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒலிப்பதிவை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.