இரவு பத்து மணிக்கு வாய் இனிப்புக் கேட்டால்

இரவுச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகளும் படுத்த பிறகு கால் தானாகக் குசினிப் பக்கம் போகும். பிரிஜ்ஜில் தயிர்ச் சட்டி, பக்கத்தில் பாணிப் போத்தல், அதுவும் இல்லையென்றால் டின்பாலில் ஒரு கரண்டி. களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டில் இது வருடக்கணக்காக நடந்தது, நானும் மனக்கட்டுப்பாடு இல்லை என்று என்னையே ஏசிக்கொண்டிருந்தேன். அப்படி ஏசுவதில் பயனில்லை. இரவில் வரும் அந்த ஆசைக்குப் பகலிலேயே விதை போட்டுவிடுகிறோம், பகலில்தான் அதைச் சரிசெய்யவும் முடியும்.

அதற்கு முன் ஒன்று. வீட்டில் சலரோகத்துக்கு இன்சுலின் போடுபவரோ கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவரோ இருந்து, இரவில் வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து இனிப்புக் கேட்டால் அதை ஆசை என்று நினைத்து அடக்கச் சொல்லாதீர்கள். இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம். சீனி பார்க்கும் மெசினில் பார்த்து 70க்குக் (mg/dL) கீழே என்றால் (மெசின் இல்லாவிட்டால் பார்க்காமலே) மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். மருந்தை நீங்களாகக் குறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

சரி, மற்றவர்களுக்கு ஏன் வருகிறது? உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. 2013இல் அமெரிக்காவில் 12 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பசியும் இனிப்பு, மா, உப்புச் சாப்பாட்டு ஆசையும் காலை எட்டு மணியளவில் குறைவாகவும் இரவு எட்டு மணியளவில் கூடுதலாகவும் இருந்தன. நித்திரையும் இதில் சேரும். 2004இல் சிக்காகோவில் இளைஞர்களை இரண்டு இரவு நான்கு நான்கு மணித்தியாலம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் 28 வீதம் கூடியது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் என்ற ஓமோன் 18 வீதம் குறைந்தது. பன்னிரண்டு மணி வரை போன் பார்த்தால் அடுத்த நாள் வாய் சும்மா இருக்காது.

நான் முதலில் மாற்றியது பின்னேரம் நாலு மணியை. மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டு இரவு வரை பணிசும் தேத்தண்ணியுமாகவே ஓட்டினால் எட்டு மணிக்கு உடம்பு கையில் கிடைத்ததைத்தான் கேட்கும். அவித்த கடலை ஒரு கிண்ணம், தேங்காய்ப்பூ போட்ட கௌபி, இல்லையென்றால் ஒரு பிடி கச்சான். எனக்கு எல்லாவற்றையும் விட இதுதான் கைகொடுத்தது, வேறு எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதை இரண்டு கிழமை செய்து பாருங்கள். அப்புறம் தேத்தண்ணிக் கணக்கு: ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம், இரண்டு கரண்டி போட்டு ஐந்து தேத்தண்ணி குடித்தால் 40 கிராம். உலக சுகாதார அமைப்பு 2015இல் சொன்னது ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். ஒரேயடியாக நிறுத்தாமல் கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

இரவில் இடியப்பத்தையோ புட்டையோ சீனியும் பழமும் போட்டு மட்டும் சாப்பிடாதீர்கள். இடியப்பத்தில் இரண்டைக் குறைத்து, மீன் கறியோ முட்டையோ பருப்போ, கூடவே ஒரு கீரைச் சுண்டல். வயிறு கனநேரம் தாங்கும்.

இத்தனைக்குப் பிறகும் பத்து மணிக்குக் கேட்கத்தான் செய்யும், சில நாள். அவித்த முட்டை தந்தால் சாப்பிடுவேனா என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி: பாணி விடாத தயிர் ஒரு சின்னக் கிண்ணம், அதில் பாதிக் கதலிப்பழம் நறுக்கிப் போட்டால் போதும். வேண்டாம், தொதல்தான் வேண்டும் என்றால் பல்லைத் தீட்டிவிட்டு ஒரு கால் மணித்தியாலம் குசினியை விட்டு வெளியே இருங்கள், முற்றத்தில் காற்றாவது வரும். கிழமையில் பல நாள் நடுச்சாமம் எழும்பிச் சாப்பிட்டால், அல்லது தாகமும் சிறுநீரும் வழக்கத்தை விடக் கூடியிருந்தால், வெறுவயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இனிப்பை வீட்டில் முழுக்கத் தடை செய்யவும் வேண்டாம். காத்தான்குடியில் இருந்து பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்தால் இரவில் தனியாக நின்று கரண்டியால் தோண்டாமல் மூடி வையுங்கள். அடுத்த நாள் மத்தியானம் சோற்றுக்குப் பிறகு எல்லோரும் இருந்து ஆளுக்கு ஒரு துண்டு, ஆறுதலாக.