பேட்டிக்கு முன் 5 வினாடி மௌனம்
சமுதாய வானொலிக்குப் பேட்டி பதிவு செய்யும்போது, முதல் கேள்விக்கு முன் 5 வினாடி யாரும் பேசாமல் ரெக்கோர்டரை ஓடவிடுங்கள். பிறகு இலவச மென்பொருளான ஒடாசிட்டியில் அந்தத் துண்டை மட்டும் தெரிவுசெய்து, இரைச்சல் குறைப்புக் கருவியில் மாதிரி எடுங்கள். அப்புறம் முழுப் பதிவையும் தெரிவுசெய்து அதே கருவியை 12 டெசிபலில் ஓட்டுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறிகளின் சத்தம் ஒரே சீரானது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்பதை மென்பொருள் அந்தத் துண்டிலிருந்தே பிடித்துக்கொள்ளும். குறைக்கும் டெசிபல் அளவை மிகவும் கூட்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சினாலும் பரவாயில்லை, பேசுபவரின் குரல்தான் முக்கியம்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துத் தகரக் கூரையில் கூடிக்குறையும் மழைக்கும், வளைவில் ஹோர்ன் அடிக்கும் பஸ்ஸுக்கும் இது சரிவராது. அங்கே மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள்.