புது இனம் என்று அறிவிக்கும் முன்: செடிக்கும் காளானுக்கும் பெயர் வைப்பதில் சறுக்கும் இடங்கள்

"சார், இது எந்த புக்லயும் இல்ல. புது ஸ்பீஷீஸ்தானே?"

மழை ஓய்ந்து மலையேறி வந்த மாணவர்களில் ஆண்டுக்கு ஒருவராவது போனை நீட்டி இப்படிக் கேட்டுவிடுவார். எந்தப் புத்தகத்தில் தேடினாய் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: கேம்பிள். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் முடித்துவைத்த அந்தத் தொகுதிகள் 1915 முதல் 1936 வரை வந்தவை. இன்றைக்கும் அதை விட்டால் நமக்கு வழியில்லை. ஆனால் அதற்குப் பிறகு பெயர் பெற்ற செடி அதில் எப்படி இருக்கும்?

முதல் பிழை இதுதான், பெரும்பிழையும் இதுதான். "புதிது" என்பது காட்டில் முடிவாவதில்லை. அந்தச் செடிக்கு ஏற்கெனவே யாரும் பெயர் வைக்கவில்லை என்று காட்டியாக வேண்டும். அது மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் இடத்தில், உட்கார்ந்து செய்கிற வேலை. நெருங்கிய உறவான ஒவ்வோர் இனத்தின் முதல் விவரிப்பையும், அந்தப் பெயருக்கு ஆதாரமான வகைமாதிரியையும் பார்க்க வேண்டும். நம் மலைச் செடிகளின் பழைய வகைமாதிரிகள் பல லண்டனிலும் எடின்பரோவிலும் இருக்கின்றன. இப்போது நிறைய ஷீட்டுகளின் படங்கள் இணையத்தில் கிடைப்பதால் விமானம் ஏற வேண்டியதில்லை. ஏற்கப்பட்ட பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு, இணைப்பெயர் என்று ஒதுக்கப்பட்டவற்றைப் பார்க்காமல் விடுவது இதில் இன்னொரு சறுக்கல். நூறாண்டுக்கு முன் ஒருவர் தனி இனம் என்று பெயர் வைத்து, பின்னால் வந்தவர் அதை வேறொன்றோடு சேர்த்திருப்பார். நம் கையில் இருப்பது அதுவாகவே இருந்தால், பழைய பெயர்தான் எழுந்து வரும். நம் பெயருக்கு இடமில்லை.

தேடலுக்கு மறுபக்கமும் உண்டு. லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் ஹெர்பேரியத்தில் ராட்சத அல்லி ஒன்றின் உலர்மாதிரி 177 ஆண்டுகள் கிடந்தது. எல்லோரும் அதை விக்டோரியா அமேசானிகா என்றே நம்பினார்கள். பொலிவியாவிலிருந்து 2016-இல் வந்த விதைகளை முளைக்கவைத்து, மற்ற இரண்டு விக்டோரியாக்களுக்கு அருகிலேயே வளர்த்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு கண்ணில் பட்டது. 2022-இல் விக்டோரியா பொலிவியானா என்று பெயர் வந்தது. மூன்று மீட்டருக்கு மேல் அகலமான இலை! அதையே இத்தனை காலம் தவறவிட முடிந்தது என்றால் பீரோவில் என்னென்ன தூங்குகிறதோ.

ஒரே ஒரு செடியைப் பார்த்துவிட்டு "இலை கொஞ்சம் நீளம், மயிர் கொஞ்சம் அதிகம், ஆகவே புதிது" என்பவர்களும் உண்டு. நிழலில் வளர்ந்தால் இலை நீளும். அது செடியின் சமாளிப்பு. பிரான்சின் தாவரவியலாளர் மிஷெல் கான்டோஜே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வழியில் வெகுதூரம் போனார். சின்னச்சின்ன வேறுபாட்டுக்கெல்லாம் பெயர் கொடுத்து ஆயிரமாயிரமாகக் குவித்தார். கடைசியில் அவருடைய ஐரோப்பியத் தாவர நூலையே கணக்கில் எடுக்க வேண்டாம் என்று பெயரிடல் விதித்தொகுப்பில் ஒதுக்கிவைத்துவிட்டார்கள்.

ஈரம் காயும் முன்

காசித்தும்பைப் பேரினத்தை, அதாவது காசித்தும்பையும் அதன் நெருங்கிய இனங்களும் சேர்ந்த கூட்டத்தை, எடுத்துக்கொள்வோம். மேற்குத்தொடர்ச்சி மலையில் புது இனம் தேடுகிறவர்களுக்கு அதன் மேல் ஒரு தனி ஆசை. இனத்துக்கு இனம் வேறுபடுவது பூவில்தான்: கீழ்ப் புல்லிதழ் பை போல இருக்கிறதா, வால் போல நீண்டு வளைகிறதா; பக்கப் புல்லிதழ் இரண்டா, நான்கா; இறக்கை இதழின் மடல்கள் எப்படி. அந்தப் பூவோ தண்ணீரில் செய்தது போல இருக்கும். அப்படியே பிரஸ்ஸில் வைத்துத் திருகினால், நான்கு நாள் கழித்துத் தாளில் இருப்பது ஒரு பழுப்புக் கறை. பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1911-இல் 94 வயதில் இறக்கும்வரை இந்தப் பேரினத்தோடுதான் மல்லுக்கட்டினார். அவர் மேசைக்கு வந்தவை காய்ந்த ஷீட்டுகள். நம்மிடம் உயிருள்ள பூ இருக்கிறது, நமக்கு என்ன சாக்கு?

மலையிலேயே உட்கார்ந்து, ஊசியால் பூவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மெல்லிய தாளில் பரப்பி அழுத்த வேண்டும். நாலைந்து பூவைச் சாராயக் குப்பியில் போட வேண்டும். காயும் வேண்டும், முடிந்தால் விதையும். காய்ந்ததும் மறைந்துபோகிற எல்லாவற்றையும் அங்கேயே எழுத வேண்டும்: நிறம், மணம், பால் வடிகிறதா, எந்தப் பாறை, எவ்வளவு ஈரம். என் முதல் லேபிள்களில் ஒன்றில் பூவின் நிறத்தை எழுதாமல் விட்டேன். மூன்று மாதம் கழித்து விவரிப்பு எழுத உட்கார்ந்தபோது கூட வந்த இருவரைக் கேட்டேன். ஒருவர் ரோஸ் என்றார், மற்றவர் ஊதா என்று அடித்துச் சொன்னார். மறுபடி அதே மலை, அதே அட்டைக்கடி.

காளானுக்கு இது இன்னும் அவசரம். பாலித்தீன் பையில் கட்டி எடுத்துவந்தால் இரவுக்குள் கூழ். தாளில் சுற்றி, காற்றுப் போகிற கூடையில் கொண்டுவர வேண்டும். மொட்டு, விரிந்தது, வயதானது மூன்றும் தேவை. சும்மா பிடுங்கினால் காம்பின் அடி மண்ணிலேயே தங்கிவிடும். அங்கேதான் கிண்ணம் போன்ற உறை இருந்திருக்கும். வெட்டியதும் சதை நீலமாகிறதா, சிவக்கிறதா, எவ்வளவு நேரத்தில் என்று அப்போதே பார்க்க வேண்டும். குடையை வெட்டிப் பாதி வெள்ளைத் தாள், பாதி கறுப்புத் தாள் மேல் கவிழ்த்து இரவு மூடிவைத்தால் காலையில் காளானுக்கு விதை போன்ற ஸ்போர்த் தூள் படிந்திருக்கும். வெள்ளை ஸ்போர் வெள்ளைத் தாளில் தெரியாது என்பதால்தான் இரண்டு நிறம். பிறகு 40 டிகிரி அளவில் காயவைப்பது. எதன் மேல் முளைத்தது என்பதை எழுதாமல் விடுபவர்கள் நிறைய. மேகாலயாவில் கண்டு 2020-இல் வெளியிட்ட, இரவில் ஒளிரும் காளானின் பெயர் ரோரிடோமைசஸ் ஃபில்லோஸ்டாக்கிடிஸ். ஃபில்லோஸ்டாக்கிஸ் என்ற மூங்கிலின் செத்த கழியில் முளைத்ததால் வந்த பெயர். கழியைக் கவனிக்காதவருக்கு அது வெறும் "மரத்தின் மேல்".

டிஎன்ஏ வந்தாச்சே!

2014-இல் கியூ ஆய்வாளர்கள் லண்டன் கடையொன்றில் காய்ந்த போர்சினிக் காளான் பாக்கெட் ஒன்றை வாங்கி, அதில் 15 துண்டுகளின் டிஎன்ஏவைப் படித்தார்கள். சீனாவிலிருந்து வந்த சரக்கு. அதற்குள் அதுவரை பெயரே இல்லாத மூன்று இனங்கள்! சந்தையில் விற்று, சமைத்துத் தின்றுகொண்டிருந்த காளான்களுக்கு அறிவியல் பெயர் அப்போதுதான் வந்தது.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் தவறான பாடத்தை எடுத்துக்கொள்வது எனக்குக் கவலை. டிஎன்ஏ வரிசை வகைமாதிரி ஆகாது. மண்ணிலிருந்து எடுத்த வரிசையை மட்டும் வைத்துப் பூஞ்சைக்குப் பெயரிட அனுமதிக்கக் கேட்ட முன்மொழிவை 2018-இல் போர்ட்டோ ரிக்கோவில் கூடிய பூஞ்சையியல் மாநாடு ஏற்கவில்லை. கையில் பொருள் வேண்டும். இன்னொன்று: பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுவிட்டு "97 சதவீதம்தான் பொருந்துகிறது, ஆகவே புதிது" என்று முடிப்பது. அங்கே இருக்கும் வரிசைக்குப் பெயர் ஒட்டியவர் தவறாக இனங்கண்டிருக்கலாம். சில பேரினங்களில் 99 சதவீதம் பொருந்தினாலும் வேறு இனம்தான். வகைமாதிரியிலிருந்து எடுத்த வரிசை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

படம் மட்டும் போதும் என்பதும் இதே ரகம். பிரேசிலின் ட்ரோசெரா மேக்னிஃபிகா என்ற பூச்சியுண்ணும் செடி முதலில் பிடிபட்டது ஃபேஸ்புக் படத்தில்தான். ஆனால் 2015-இல் பெயரிட்டவர்கள் படத்தோடு நிற்கவில்லை. அந்த மலையேறி மாதிரி எடுத்துவந்தார்கள்.

விதிப்புத்தகம் கைவிடும் இடங்கள்

செடி உண்மையிலேயே புதிது, படங்கள் அருமை, கட்டுரையும் வந்துவிட்டது. ஆனாலும் பெயர் செல்லாது. எப்படி?

பாசி, பூஞ்சை, தாவரம் மூன்றுக்கும் ஒரே பெயரிடல் விதித்தொகுப்பு. 1990 முதல், வகைமாதிரி எந்த ஒரே ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். "ஹோலோடைப்: கோவையிலும் ஹவுராவிலும்" என்று எழுதினால் முடிந்தது கதை. ஒன்று மட்டும் ஹோலோடைப், அதாவது மூல வகைமாதிரி; மற்றவை அதன் பிரதிகளான ஐசோடைப். பூஞ்சைக்கு 2013 முதல் மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம் போன்ற பதிவகத்தில் எண் வாங்கி அதைக் கட்டுரையிலேயே அச்சிட வேண்டும். ஆய்வகத்தில் வளர்க்கும் பூஞ்சையை வகைமாதிரி ஆக்கலாம், உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் நிலையில் அல்ல. வளர்சிதை மாற்றம் நிறுத்தப்பட்ட நிலையில், அதாவது உறையவைத்தோ உலரவைத்தோ வைத்திருக்க வேண்டும். 2019 முதல் அதை வெளிப்படையாகவே எழுதவும் வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை விட்டதால் செல்லாமல் போகும் பெயர் ஒவ்வொன்றும் வயிற்றெரிச்சல்.

லத்தீன் பயம் மட்டும் இனி வேண்டாம். 2012 முதல் ஆங்கிலத்திலும் விவரிப்பு எழுதலாம். மின்னிதழில் வந்தாலும், ஐஎஸ்எஸ்என் அல்லது ஐஎஸ்பிஎன் உள்ள பிடிஎஃப் ஆக இருந்தால் செல்லும். முனைவர் பட்ட ஆய்வேட்டில் மட்டும் இருக்கும் பெயர் பொதுவாகச் செல்லாது. நாளிதழில் வந்த பெயரும் அப்படித்தான். கட்டுரைக்கு முன்பே பேட்டி கொடுத்துப் பெயரைப் பரப்புவது வேண்டாத வேலை. விவரிப்பு இல்லாமல் திரியும் அந்தப் பெயர் பின்னால் எல்லோரையும் குழப்பும்.

பெயர் வைக்கும் படலம்

மேலே சொன்னவை பெயரைக் கொல்லும் பிழைகள். அடுத்து வருவதில் பலதும் மானத்தை மட்டும் வாங்கும்.

அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்லான சிற்றினப் பெயர் உரிச்சொல்லாக இருந்தால், முதல் சொல்லான பேரினப் பெயரின் இலக்கணப் பாலோடு ஒத்துப்போக வேண்டும். ஃபைக்கஸ் என்பது ஆண்பால் போலத் தோன்றும். ஆனால் லத்தீனில் பல மரங்களைப் போல அதுவும் பெண்பால். அதனால்தான் அரசமரம் ஃபைக்கஸ் ரிலிஜியோசா, அத்தி ஃபைக்கஸ் ரேசிமோசா. நம் குறிஞ்சியை ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானஸ் என்றும் குந்தியானா என்றும் இரண்டு விதமாகப் படித்திருப்பீர்கள். 'ஆந்தெஸ்' (-anthes) என்று முடியும் இவ்வகைப் பேரினங்களைப் பெண்பாலாகக் கொள்ள வேண்டும் என்பது விதி, ஆகவே குந்தியானா. நல்லவேளை, இத்தகைய விகுதிப் பிழையைப் பின்வருபவர் திருத்திக்கொள்ளலாம், பெயர் செத்துப்போகாது.

பேரினப் பெயரையே சிற்றினத்துக்கும் வைக்கக்கூடாது. விலங்கியலில் அது சரி, நல்லபாம்பு நஜா நஜா. தாவரத்தில் முடியாது. துவரை மட்டும் கஜானஸ் கஜன் என்று ஒரு நூலிழையில் தப்பித்துவிட்டது.

ஊர்ப்பெயர் வைப்பவர்கள் யோசித்து வைக்கட்டும். புளியமரம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. லின்னேயஸ் 1753-இல் டமரிண்டஸ் இண்டிகா என்றார். பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற விதி இடம் தராது, அதனால் இன்றும் இண்டிகாவே. மாற்றுவது அபூர்வம். 2024-இல் மாட்ரிடில் கூடிய தாவரவியல் மாநாட்டில்தான், ஆப்பிரிக்கர்களை இழிவுபடுத்தும் சொல்லிலிருந்து வந்த 'கஃப்ரா' என்ற பெயர்களை 'அஃப்ரா' என்று திருத்த வாக்களித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள்.

தமிழ்ச் சொல்லை வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. எந்த மொழியிலிருந்தும் எடுக்கலாம். அந்த போர்சினிப் பாக்கெட் காளான்களில் ஒன்றின் பெயரே பொலிட்டஸ் பைனியுகான், சீனச் சொல். ஒரே எச்சரிக்கை, ழகரத்தை எந்த ரோமன் எழுத்தில் எழுதப்போகிறீர்கள் என்று அச்சுக்கு முன் முடிவு செய்யுங்கள். வந்தபின் உச்சரிப்பு பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. தன் பெயரையே வைத்துக்கொள்ளலாமா என்றால், விதி தடுக்கவில்லை. ஊர் சிரிக்கும்.

யாருடைய மலை

2002-இல் பெருவில் சாலையோரக் கடையில் ஓர் அமெரிக்கர் பெரிய ஊதா நிற ஆர்க்கிட் ஒன்றை வாங்கி, உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் ஃப்ளோரிடாவின் மேரி செல்பி தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். வேறொருவரும் அதே செடிக்குப் பெயர் வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். தோட்டத்தார் அவசர அவசரமாக ஃப்ராக்மிபீடியம் கோவாச்சி என்று வெளியிட்டு, சில நாள் வித்தியாசத்தில் முந்தினார்கள். பெயர் நின்றது. வழக்கும் வந்தது, தோட்டமும் கொண்டுவந்தவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்கள். விதித்தொகுப்பு அனுமதிச் சீட்டைக் கேட்பதில்லை, நாட்டின் சட்டம் கேட்கும். இங்கே வனத்துறை அனுமதி வேண்டும். பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி புது இனத்தின் மாதிரியைக் குறிப்பிட்ட தேசியக் காப்பகத்தில் ஒப்படைக்கவும் வேண்டும்.

இடத்தைத் துல்லியமாக அச்சிடுவதும் ஆபத்துதான், குறிப்பாக ஆர்க்கிட்டுகளில். வியட்நாமின் பாஃபியோபீடிலம் கான்ஹி 2010-இல் பெயர் பெற்றது. சேகரிப்பவர்கள் காட்டிலிருந்த செடிகளைப் பெரும்பாலும் பிடுங்கித் தீர்த்துவிட்டார்கள். ஹெர்பேரியத்துக்குள் முழு விவரமும் இருக்கட்டும், கட்டுரையில் மலையின் பெயர் போதும்.

போனை நீட்டிய அந்த மாணவரின் காசித்தும்பை இப்போது என் மேசையில் இருக்கிறது. பூவைப் பிரித்து வைத்திருக்கிறார், நிறம் எழுதியிருக்கிறார், பரவாயில்லை. காய் இல்லை. 1970-களின் ஒரு கட்டுரையில் இதே போன்ற ஒன்றின் கோட்டோவியம் இருக்கிறது, அதன் வாலும் இதே பக்கம்தான் வளைகிறது. அந்த ஹோலோடைப் ஷீட்டின் படம் கேட்டு மின்னஞ்சல் போட்டிருக்கிறோம்.