பழைய லேப்டாப் மெதுவாக ஓடியதற்குக் காரணம் சார்ஜர் (என் அனுபவம்)

செகண்ட் ஹேண்டில் ஒரு ஐ5 லேப்டாப் வாங்கினேன். வாங்கும்போது பேட்டரியில் ஓட்டிக் காட்டினார்கள், நன்றாகவே ஓடியது. வீட்டில் சார்ஜரைச் செருகி உட்கார்ந்தால் ஒரு வலைப்பக்கம் திறக்கவே அரை நிமிடம். எஸ்எஸ்டி மாற்றினேன், விண்டோஸை மறுபடி நிறுவினேன், அப்புறம் லினக்ஸும் போட்டுப் பார்த்தேன், தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவினேன். நான்கு நாள் வீண்.

கடைசியில்தான் டாஸ்க் மேனேஜரில் (கணினியின் வேலைப்பளுவைக் காட்டும் விண்டோஸ் திரை) கவனித்தேன்: எந்த வேலை கொடுத்தாலும் சிபியு (முக்கியச் செயலி) வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. சூடும் இல்லை. தற்செயலாக சார்ஜர் ஒயர் கழன்றபோது வேகம் சட்டென்று 2.5க்கு ஏறியது, செருகினால் மறுபடி 0.79! பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் அடாப்டர், அதாவது சார்ஜர் வகை ‘தெரியவில்லை’ என்றிருந்தது.

என்னுடைய ரக சார்ஜரின் முனைக்குள் நடுவில் ஊசி போல மெல்லிய பின் இருக்கும். லேப்டாப்பை ஓட்டும் மின்சாரம் அதில் வருவதில்லை, சார்ஜர் எத்தனை வாட் என்ற தகவல்தான் வரும். அது கிடைக்காவிட்டால் லேப்டாப் பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதையும் நிறுத்திவிடும். ‘செருகியிருக்கிறது, சார்ஜ் ஆகவில்லை’ என்று வந்ததை, பேட்டரி பழசு என்று நினைத்து விட்டிருந்தேன், அதுதான் முக்கியமான துப்பு.

என் சார்ஜரில் அந்த பின் ஒடிந்திருந்தது. அதே நிறுவனத்தின் 65 வாட் சார்ஜர் மாற்றியதும் பயாஸ் 65 வாட் என்று காட்டியது, வேகமும் வந்தது, பெரிய நிம்மதி. புது சார்ஜரையும் அடையாளம் காணவில்லை என்றால் லேப்டாப் பக்கத்து சார்ஜிங் ஜாக்கைப் பாருங்கள், பல மாடல்களில் அது தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதுதான்.